வெயிலில் திணறாத சென்சார்: மகளின் விருப்பம் சரிவருமா?

எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், சாஃப்ட்வேர் பக்கம் போகாமல் சிலிக்கான் ஒளி சென்சார் வடிவமைப்பில் மேற்படிப்புக்குப் போக ஆசைப்படுகிறார். "கேமராவெல்லாம் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி அதில் என்ன வேலை இருக்கப்போகிறது?" என்பது உங்கள் கவலை. கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சிப் வகைகளில் சிசிடி 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, இன்னொரு வகையான சிமாஸ் பிக்சல் 1990-களில் தலையெடுத்தது என்பதெல்லாம் உண்மைதான். அவர் போக நினைக்கும் இடம் வேறு: ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் சென்சார்.

படமெடுக்கும் கேமராவுக்கு வருகிற வெளிச்சமெல்லாம் லாபம். தூரத்தை அளக்கும் சென்சார் அப்படியல்ல. தானே ஒரு அகச்சிவப்புத் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதற்குக் காத்திருக்கிறது. மற்ற வெளிச்சம் எல்லாமே அதற்குத் தொல்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அலுவலக அறையில் சுமார் 500 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வீட்டுக்குள் அழகாக வேலை செய்த கருவி வாசலுக்கு வந்ததும் திணறுவது இதனால்தான். காரில் லேசரால் தூரத்தை அளக்கும் லைடாரும் வயலில் ஓடும் ரோபோவும் வாசலுக்கு வெளியேதான் பிழைக்க வேண்டும்.

"பின்னணி வெளிச்சத்தைத் தனியாக அளந்து கழித்துவிட்டால் போச்சு" என்று தோன்றும். முதலாண்டு மாணவர்களும் இதைத்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிக்சலில், அதாவது சென்சாரின் ஒரு புள்ளியில், வெயிலால் மட்டும் 10,000 எலெக்ட்ரான்கள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒளி துகள் துகளாக வருவதால் அந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சுமார் 100 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 10,000-இன் வர்க்கமூலம் அது. நமக்கு வேண்டிய சிக்னலோ 50 எலெக்ட்ரான்கள்தான். இன்னொரு முறை அளந்து கழித்தால் சராசரி போய்விடும், ஆட்டம் போகாது. இரண்டு அளவீடுகளின் ஆட்டமும் சேர்ந்து 141 ஆகிவிடும்! ஆகவே வெயிலை உள்ளே விட்டுவிட்டுக் கழிப்பதைவிட, உள்ளேயே விடாமல் தடுப்பதுதான் முதல் வேலை.

அந்தத் தடுப்பில்தான் இழுபறி தொடங்குகிறது. காற்றிலுள்ள நீராவி 940 நானோமீட்டர் பக்கம் சூரிய ஒளியை நன்றாக உறிஞ்சிவிடுவதால், அங்கே வெயிலின் தொல்லை குறைவு. ஆனால் அதே அலைநீளத்தில் சிலிக்கானும் மந்தம். ஒளி பல பத்து மைக்ரோமீட்டர் ஆழம் போனால்தான் உறிஞ்சப்படும். சாதாரண பிக்சலின் தடிமனோ சில மைக்ரோமீட்டர்தான். 850-க்கு வந்தால் சிலிக்கான் ஒத்துழைக்கும், வெயில் விடாது. வேண்டிய அலைநீளத்தை மட்டும் விடும் குறுகிய அலைவரிசை ஃபில்டர் போடலாம். ஆனால் ஒளி சாய்வாக விழுந்தால் ஃபில்டரின் அலைவரிசை நகர்ந்துவிடும், லேசர் சூடானால் அதன் அலைநீளமும் நகரும். அதனால் ஃபில்டரை ஓர் அளவுக்கு மேல் குறுக்க முடியாது.

நேரத்தைக் கொண்டும் வடிகட்டலாம். ஒளி போய்த் திரும்ப 15 சென்டிமீட்டருக்கு ஒரு நானோ விநாடி ஆகிறது. எதிர்பார்க்கும் நேரத்தில் மட்டும் கதவைத் திறந்தால் மற்ற நேரத்து வெயில் நுழையாது. ஒற்றை ஃபோட்டானையே (ஒளித்துகளையே) பிடிக்கும் ஸ்பேட் வகை டயோடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு ஃபோட்டானைப் பிடித்ததும் அவை சில நானோ விநாடிகள், சிலவற்றில் பல பத்து நானோ விநாடிகள், செயலிழந்துபோகும். வெயில் ஃபோட்டான் முந்திக்கொண்டால் நம் ஃபோட்டான் வரும்போது டயோடு தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து டயோடுகள் ஒரே சமயத்தில் துடித்தால் மட்டும் கணக்கில் எடுப்பது இதற்கு ஒரு வழி. இந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை என்பது இதிலிருந்தே புரியும்.

இனி படிப்புக்கு வருவோம். குறைக்கடத்தி இயற்பியல், அனலாக் சர்க்யூட், ஒளியியல் மூன்றும் வேண்டும். நான்காவதாக நிகழ்தகவு. பெரும்பாலான எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் அதைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்தத் துறையில் அதுதான் சோறு போடும். கோடிங் வீணாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஃபோட்டான் வருகையைப் பைத்தானில் சிமுலேட் செய்வதும், எந்த நேரத்தில் எத்தனை வந்தன என்று எண்ணும் ஹிஸ்டோகிராம் லாஜிக்கை, சிப் வடிவமைப்புக்கான மொழியான வெரிலாக்கில் எழுதுவதும் அன்றாட வேலை.

சோனி, எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ், ஆன்செமி, ஹமாமட்சு போன்றவை இத்தகைய சென்சார்களைச் செய்கின்றன. எடின்பரோ, லோசானின் ஈபிஎஃப்எல், மிலான் பாலிடெக்னிக் ஆகிய இடங்களில் ஸ்பேட் ஆராய்ச்சி பலமாக நடக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன்: சாஃப்ட்வேர் அளவுக்கு இங்கே இடங்கள் இல்லை. முதுகலை இல்லாமல் வடிவமைப்பு வேலை கிடைப்பதும் கடினம். ஆனால் அனலாக் கை நன்றாக வந்துவிட்டால், சென்சார் வேலை அமையாவிட்டாலும் வேறு சிப் வேலைகளுக்கு அது செல்லும்.

சேரப்போகும் ஆராய்ச்சிக் குழுவின் பெயரைவிட, அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் முக்கியம்: "மாணவர் வடிவமைக்கும் சிப்பை நிஜமாகவே தயாரித்து, அவரே அளந்து பார்க்கிறாரா?" ஃபவுண்டரிக்கு, அதாவது சிப் தயாரிக்கும் ஆலைக்கு, அனுப்பிய சிப் திரும்பிவரப் பல மாதங்கள் ஆகும். சிமுலேஷனோடு நின்றுவிடும் குழுவில் வெயிலைப் பற்றிப் பாதிதான் கற்க முடியும்.

அதற்குமுன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒளியை மின்னோட்டமாக்கும் ஒரு ஃபோட்டோடயோடு, அதைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப் சிப், ஒரு மெகாஓம் ரெசிஸ்டர், சிமிட்டும் ஓர் அகச்சிவப்பு எல்இடி போதும். அறைக்குள் ஆஸிலோஸ்கோப்பில் சிமிட்டல் அழகாகத் தெரியும். ஜன்னலைத் திறந்து நேர் வெயில் விழவிட்டால், வெளியீடு, சுற்றுக்குக் கொடுத்த 5 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். வெயில் தரும் மின்னோட்டம் மில்லிஆம்பியர் அளவுக்குப் போகும். அதை அந்த ரெசிஸ்டர் தாங்க ஆயிரம் வோல்ட் வேண்டுமே! ரெசிஸ்டரைக் குறைத்தால் சிக்னலும் சேர்ந்து குறையும். மெதுவாக மாறும் மின்னோட்டத்தை மட்டும் இழுத்து வெளியே தள்ளும் ஒரு சுற்றைச் சேர்க்க வேண்டும். எல்இடியைப் பல கிலோஹெர்ட்ஸில் சிமிட்டவிட்டு அந்த அதிர்வெண்ணை மட்டும் பொறுக்க வேண்டும். டிவி ரிமோட் ரிசீவர் 38 கிலோஹெர்ட்ஸ் பக்கம் செய்வதும் இதைத்தான். இவ்வளவுக்குப் பிறகும் திரையில் மிச்சமிருக்கும் நடுக்கம்தான் நான் மேலே சொன்ன வர்க்கமூலம்.

அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு வார இறுதி முழுக்க மல்லுக்கட்டினால் தயங்காமல் அனுப்புங்கள். எரிச்சலாகி எழுந்துவிட்டால் டிஜிட்டல் வடிவமைப்பு இருக்கிறது, அதுவும் குறைச்சலில்லை. எதுவானாலும், அளந்த எண்களை எழுதிய நோட்டையும் விண்ணப்பிக்க நினைக்கும் இடங்களின் பாடப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு அவரையே அடுத்த முறை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.