நான்கு பூ என்றால் இரண்டு வருஷமா?

சேரன்மகாதேவி பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இரண்டு ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டேன். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் 'ஆனி முதல் நான்கு பூவுக்கு' என்று மட்டும் எழுதினோம். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு கார் சாகுபடி விளையவில்லை, அதனால் இன்னும் ஒரு பூ பாக்கி என்கிறார் பாட்டக்காரர். வயலை எடுத்துக்கொள்ளலாமா?"

பாட்டக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பூ என்பது நாள் கணக்கு இல்லை, விளைச்சல் கணக்கு; ஒரு போகம் ஒரு பூ. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவமும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு பூ என்பதால் நீங்களாகவே இரண்டு வருஷம் என்று வகுத்துக்கொண்டீர்கள். பத்திரத்தில் அந்த வகுத்தலும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை.

ஆனால் அந்தக் கார் ஏன் விளையவில்லை என்று பார்க்க வேண்டும். பாபநாசம் அணையைத் திறக்கவே இல்லையென்றால் அது யார் குற்றமும் இல்லை, அந்தப் பூ கணக்கில் வராது. அணை திறந்து, உங்கள் மடைக்கும் தண்ணீர் வந்து, ஆள் கிடைக்கவில்லை என்று அவர் நடாமல் விட்டிருந்தால் அது அவர் தலையில், பூ கழிந்துவிட்டது. திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் திறக்காததற்குச் சமம்தான், ஆனால் ஏறவில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். நட்டு, பாதியில் காய்ந்துபோயிருந்தால்? என் கணக்கில் அது ஒரு பூதான். பாட்டத்தில் எவ்வளவு குறைப்பது என்பது வேறு பேச்சு.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் கேளுங்கள்; எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு அது. அடங்கல் பசலிக் கணக்கில் இருக்கும். பசலி என்பது வருவாய்த் துறையின் வருஷம்; ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஜூனில் விதைத்த கார் ஒரு பசலியில் தொடங்கி அடுத்த பசலியில் அறுப்புக்கு வரும் என்பதால் இரண்டு பசலிக்கும் வாங்குங்கள். ஒரே வயலுக்கு ஊரில் பூ, தாலுகாவில் பசலி, பேங்கில் ஏப்ரல் முதல் மார்ச், கோர்ட்டில் ஆங்கிலத் தேதி. இதை யாரும் சரிசெய்யப் போவதில்லை. அடங்கலே வயலைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதாக இருந்தால் அதற்கும் மருந்து கிடையாது.

இந்த இடத்தில்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் தரகர் வருவார். "பழைய தேதியில் 'இரண்டு வருஷம்' என்று ஒரு பத்திரம் போட்டுவிடலாம்" என்பார். முத்திரைத்தாளில் அது விற்ற தேதி இருக்கும். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள், அவர் இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். "ஆள் வைத்து உழுதுவிடலாம்" என்பவர் இன்னும் மோசம். வயலில் தானோ வீட்டாரோ இறங்கிப் பாடுபடுகிற பாட்டக்காரரை, காலம் முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக வெளியேற்ற 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் விடாது. பாட்ட பாக்கி போன்ற காரணம் இருந்தாலும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டுத்தான் நடக்க வேண்டும். அதற்கு எத்தனை பூ ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாத உங்கள் தாளைக் காலக்கெடுவுக்குச் சாட்சியாகக் காட்டுவது கஷ்டம்.

அதனால் சண்டைக்குப் போகாமல், அந்த ஒரு காரைக் கொடுத்துவிட்டு, வயலைத் திருப்பித் தருவதாக அவர் கையாலேயே இப்போதே எழுதி வாங்குங்கள். சட்டத்தின் முன் அது முழுக் காப்பு ஆகாது, ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு மாறாமல் இருக்கும். 'அறுப்பு முடிந்ததும்' என்றோ 'ஐப்பசிக்குள்' என்றோ வேண்டாம். அக்டோபர் 31 என்று வருஷத்தோடு எழுதுங்கள். மழையில் அறுப்பு தள்ளிப்போனால் நிற்கும் பயிருக்கு எத்தனை நாள் கூடுதல் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.