டெக்ஸ் வில்லரா, ஸாகோரா: மோதலுக்கு முன் ஆண்டைத் தீர்மானியுங்கள்

நண்பரே, 1830-ஆம் ஆண்டு ஸாகோர் கதைகளில் வரும் டார்க்வுட் காட்டில், இத்தாலிய காமிக்ஸ் நாயகர்களான டெக்ஸ் வில்லரையும் ஸாகோரையும் மோதவிட்டுக் கதை எழுதுவதாகவும், டெக்ஸின் கையில் வின்செஸ்டர் துப்பாக்கி இருப்பதால் ஸாகோர் முதல் பக்கத்திலேயே வீழ்ந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிக்கல் வீரத்தில் இல்லை, ஆண்டுக் கணக்கில்தான் இருக்கிறது.

வின்செஸ்டர் என்ற பெயரில் முதல் துப்பாக்கி வந்ததே 1866-இல்தான். ஐந்து குண்டு போடும் கோல்ட் பேட்டர்சன் ரிவால்வர்கூட 1836-இல்தான் வந்தது. ஸாகோரின் கதைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்பவை. டெக்ஸோ 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்றவர். ஆகவே இருவரும் நேர்மையாகச் சந்திக்க வேண்டுமானால், கதையை 1860-களின் தொடக்கத்துக்கு நகர்த்தி, ஸாகோரை நரைத்த தலையுடன் வரைவதே பொருத்தம்.

அப்போது டெக்ஸுக்கு ஹென்றி ரைஃபிளையும் 1851 மாதிரி கோல்ட் நேவி ரிவால்வரையும் கொடுக்கலாம். அந்த ரிவால்வரில் ஆறு குண்டுகள் தீர்ந்தபின் ஒவ்வொரு குண்டு அறையிலும் வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டு, பின்புறம் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பியைப் பொருத்தி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். கல் கோடரியோடு மரத்துக்கு மரம் தாவும் ஸாகோருக்கு அந்த இடைவெளி தாராளம்.

திறந்த பாலைவெளியில் ‘இரவுக் கழுகார்’ என்று அழைக்கப்படும் டெக்ஸே வெல்வார் என்பது என் கணிப்பு. அடர்காட்டில், அதுவும் இருட்டில், கிழட்டு ஸாகோரின் மீதுதான் நான் பந்தயம் கட்டுவேன். (டெக்ஸின் தீவிர ரசிகன் எழுதுகிறேன் என்பதையும் கவனியுங்கள்!)