சுவிஃப்ட் ஸ்போர்ட்டில் முதலில் எதை மாற்றலாம்: சைலன்சரா, ஸ்பிரிங்கா?

தம்பி, திருகோணமலை உப்புவெளியில் ஓடும் உங்கள் 1.6 லீற்றர் சுவிஃப்ட் ஸ்போர்ட் காரில் இந்த இரண்டையும் விட முதலில் மாற்ற வேண்டியது ரயர்தான். 17 அங்குல றிம்முக்கு 195/45 அளவில் நல்லதாக நான்கு போட்டு, வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். மழையில் நிலாவெளி வீதியில் பிரேக் பிடிக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். குட்டை ஸ்பிரிங் பிறகு. காரை 25 மில்லிமீற்றருக்கு மேல் பதிக்க வேண்டாம், ஒழுங்கை மேடுகளில் அடி உரசும்.

சைலன்சர் மாற்றினால் பவர் பெரிதாக அதிகரிக்காது, சத்தம்தான் மாறும். புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டரைத் தொடவே வேண்டாம், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். அதற்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றுங்கள். நம்முடைய கடற்காற்றில் சாதா இரும்பு வெல்டிங் பிடித்த இடத்திலேயே துருப்பிடித்துவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், அதைக் காந்தம் இறுகப் பிடிக்காது. காந்தம் கொண்டுபோய் நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள், இறுகப் பிடித்தால் வாங்காதீர்கள்.