டிஸ்க் நிறைந்த சர்வரைப் பற்றி ஆன்சிபிள் ஏன் வாயே திறக்கவில்லை?

கேள்வி: எங்களிடம் 40 லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. தினமும் காலையில் ஆன்சிபிள் (பல சர்வர்களில் ஒரே வேலையை ஒரே இடத்திலிருந்து செய்யும் கருவி) மூலம் எல்லாவற்றிலும், டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டி, எந்த டிஸ்க்காவது 85 சதவீதத்தைத் தாண்டினால் எனக்கு மெயில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். போன வாரம் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிறைந்து வேலை நின்றுபோனது, மெயில் மட்டும் வரவில்லை. தங்கள் கண்காணிப்பு மென்பொருளை வாங்கச் சொல்லி ஒரு வெண்டர் வருகிறார், எல்லா சர்வருக்கும் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) பாஸ்வேர்டு கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், பாஸ்வேர்டு கொடுக்கவே வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும், ஒரு இடத்தில்தான் ஓட்டை.

ஆன்சிபிள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக உள்ளே போனதும் முதலில் அந்தச் சர்வரில் ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்கும், அதில் ஒரு சின்ன பைத்தான் நிரலை வைத்து ஓட்டி, பதிலை எடுத்துவரும். சாதாரணமாக அந்த ஃபோல்டர் பயனரின் ஹோம் டைரக்டரிக்குள் உருவாகும். அந்த டிஸ்க்கே முழுதாக நிறைந்திருந்தால் ஃபோல்டர் எங்கே உருவாகும்? முடியாமல் போனதும் அந்தச் சர்வரை 'அன்ரீச்சபிள்' (எட்ட முடியவில்லை) என்று எழுதிவிட்டு மற்றவற்றைப் பார்க்கப் போய்விடும். உங்கள் ஸ்கிரிப்ட் 85-க்கு மேல் எண் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறது, அன்ரீச்சபிள் வரியில் எண்ணே கிடையாது, அதனால் மெயிலும் கிடையாது. முந்தின நாள் காலையில் 70-ல் இருந்தது ராத்திரியில் 100-ஐத் தொட்டிருந்தால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆன்சிபிளில் கட்டளையை ஓட்ட கமாண்ட் என்ற மாட்யூலுக்குப் பதில் ரா என்ற மாட்யூலைப் போடுங்கள். அது ஃபோல்டரும் கேட்காது, பைத்தானும் கேட்காது, கட்டளையை நேராக எஸ்எஸ்எச்சில் ஓட்டும். அதைவிட முக்கியம், பதில் சொன்ன சர்வர்களை எண்ணுங்கள். 40-க்கு 39 வந்தால் அதற்கே மெயில் வர வேண்டும். டிஎஃப்போடு மைனஸ் எல் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கோ செத்துக் கிடக்கிற என்எஃப்எஸ் மவுன்ட்டுக்காக (நெட்வொர்க் வழியாக இணைத்த வேறு சர்வரின் ஃபோல்டர்) அது மணிக்கணக்கில் தொங்கும். மைனஸ் ஐ போட்டு இன்னொரு தடவையும் ஓட்டுங்கள், ஏனென்றால் குட்டிக் குட்டி ஃபைல்கள் குவிந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டால் பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று வரும். தினம் ஒரு தடவை போதாது, கால் மணிக்கு ஒரு தடவை ஓடட்டும்.

இதில் எதற்கும் ரூட் தேவையில்லை, சாதாரணப் பயனரே டிஎஃப் ஓட்டலாம். இடம் பார்க்க ரூட் கேட்கிறவர் ஒன்று வேலை தெரியாதவர், இல்லை வேறு எதற்கோ கேட்கிறார். இந்த வேலைக்கு ஒரு தனிப் பயனர், எஸ்எஸ்எச்சில் நுழைய அவருக்கு ஒரு தனிச் சாவி, அவ்வளவுதான்.

இந்த ஆட்கள் அடுத்ததாக 'பெரிய டிஸ்க் வாங்குங்கள்' என்பார்கள். அந்த வலையில் ஆட்கள் விழுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நடப்பது இதுதான்: டிஸ்க் நிறைந்ததும் யாரோ ஒருவர் 30 ஜிபி லாக் ஃபைலை (புரோகிராம் எழுதிக்கொண்டே போகும் பதிவு) ஆர்எம் கட்டளை போட்டு அழிப்பார். மறுபடி பார்த்தால் டிஎஃப் அதே 100 சதவீதத்தைக் காட்டும். ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையைப் போட்டால் 30 ஜிபி குறைவாக வரும். உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து கொட்டேஷன் வாங்குவார்கள். டிஸ்க் கெடவில்லை. அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது, பெயர் போனாலும் அது மூடுகிற வரைக்கும் இடம் திரும்பாது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு +L1 (பெரிய எல், எண் ஒன்று) சேர்த்து ரூட்டாக ஓட்டினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும், அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற லாகை ஆர்எம் செய்யாதீர்கள், ட்ரன்கேட் கட்டளை போட்டுக் காலி செய்யுங்கள். டேட்டாபேஸின் சொந்த ஃபைல்களில் மட்டும் இரண்டில் எதையும் செய்துவிடாதீர்கள்.

நிஜமாகவே டிஸ்க் போதாமலும் போகலாம். அப்படியென்றால் டிஸ்க் கூட்டச் சொல்லி இப்போதே டிக்கெட் (கோரிக்கை) போட்டுவிடுங்கள். 20 ஜிபி கூட்ட மூன்று மேலாளர் கையெழுத்து கேட்கிற அலுவலகங்கள்தான் நம்மிடம் அதிகம், கையெழுத்து வரும்வரை லாக் காத்திருக்காது. அதனால் எச்சரிக்கை வரம்பைச் சதவீதத்தில் மட்டும் வைக்காமல், தினம் எத்தனை ஜிபி ஏறுகிறது, உங்கள் அலுவலகத்தில் அனுமதி கிடைக்க எத்தனை நாள் ஆகிறது, இரண்டையும் பெருக்கி அந்த அளவு ஜிபி மிச்சமிருக்கும்போதே மெயில் வருகிற மாதிரி வையுங்கள்.