கேள்வி - பதில்: கடற்படை ஊரில் கடை வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருக்கிறார். விசாகப்பட்டினம் மல்காபுரம் பக்கம், நேவி காம்பவுண்டை ஒட்டி ஒரு கடை 60 லட்சத்துக்கு வருகிறது. இப்போதிருக்கும் மளிகைக்காரர் மாதம் 28,000 வாடகை தருகிறார். பேங்கில் 36 லட்சம் லோன் கிடைக்குமாம். "நேவி ஏரியா, வாடகை நிக்கவே நிக்காது" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: புரோக்கர் சொல்வது பாதிதான் சரி, அம்மா. மாதச் சம்பளம் தவறாத ஊர்தான். ஆனால் மளிகை, சோப்பு, மிக்ஸி எல்லாம் உள்ளே கேன்டீனில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, காம்பவுண்டு ஓரத்து மளிகைக் கடை எத்தனை நாள் தாங்கும்? அங்கே டியூஷன் சென்டர், யூனிஃபார்ம் தைப்பவர், டூவீலர் மெக்கானிக், டிரான்ஸ்ஃபர் சமயத்தில் வீட்டுச் சாமான் ஏற்றி அனுப்புபவர் ஆகியோருக்குத்தான் வேலை இருக்கும். இவர்களுக்குக் கடை ஒத்துவருமா, வண்டி நிறுத்த இடமுண்டா என்று பாருங்கள். இப்போதைய வாடகையை நம்பி விலை பேசாதீர்கள்.

கணக்குக்கு வருவோம். 36 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் தவணை சுமார் 48,600. வாடகை போக மாதம் 20,600 உங்கள் கையிலிருந்து போகும். ஆந்திராவில் பத்திரச் செலவு 7.5 சதவீதம், அதாவது 4.5 லட்சம், இதற்கு லோன் கிடைக்காது. அதையும் சேர்த்தால் வாடகை வருமானம் வருடத்துக்கு 5.2 சதவீதம்தான். சொத்து வரியும் கடை காலியாகக் கிடக்கும் மாதங்களும் இதில் சேரவில்லை. லோனை 15 லட்சத்தோடு நிறுத்த முடிந்தால் தவணை 20,200 சொச்சம், வாடகையே கட்டிவிடும். முடியாதென்றால் விட்டுவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்பு.

காம்பவுண்டு ஓரம் என்பதில் இன்னொரு சிக்கல். ராணுவ, கடற்படை இடங்களின் சுவரிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் கட்ட அவர்களின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2011-இல் சுற்றறிக்கை விட்டது, 2016-இல் திருத்தியது. தூரம் இடத்துக்கு இடம் மாறும். கட்டட அனுமதி இந்தச் சான்றோடு வாங்கப்பட்டதா என்று ஃபைலைக் கேளுங்கள். "பிறகு ஒரு மாடி போட்டுக்கலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். விமான தளமும் கடற்படையுடையது என்பதால் உயரத்துக்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

முப்பது வருட வில்லங்கச் சான்றோடு, சர்வே எண் 22-ஏ தடைப் பட்டியலில் (பத்திரப் பதிவு தடைசெய்யப்பட்ட நிலங்களின் பட்டியல்) இருக்கிறதா என்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். அடவிவரம், வேப்பகுண்டா பக்கம் சிம்மாசலம் கோயில் நில வழக்கில் மாட்டிய மனைகள் நிறைய. பிளானில் குடியிருப்பு என்றிருந்து கடையாக மாற்றியிருந்தால் லோன் பேங்கின் சட்டச் சோதனையிலேயே நின்றுவிடும்.

கேள்வி: விசாகப்பட்டினம் என்.ஏ.டி. ஜங்ஷன் அருகே என் கட்டடத்தை ஒரு பேங்க் 9 வருடத்துக்கு மாதம் 70,000 வாடகையில் கேட்கிறது. நான் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: வருடம் 8.4 லட்சம்தான். வேறு வரவும் சேர்ந்து 20 லட்சம் தாண்டாவிட்டால் வேண்டாம். 10.10.2024 முதல், பதிவில்லாத உரிமையாளருக்குப் பதிலாக, பதிவுள்ள வாடகைதாரரே 18 சதவீத ஜிஎஸ்டியை நேரடியாகக் கட்ட வேண்டும். மாதம் 50,000 தாண்டுவதால் 10 சதவீத டிடிஎஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் லாக்-இன் ஷரத்தை (இடையில் விலக முடியாத காலம் பற்றியது) இரண்டு முறை படியுங்கள். பேங்க் மூன்று மாத நோட்டீஸில் போகலாம், நீங்கள் மட்டும் 9 வருடம் கட்டுப்பட வேண்டும் என்றிருக்கும். ஸ்ட்ராங் ரூம் செலவு யாருடையது, காலி செய்யும்போது இடித்துச் சரிசெய்வது யார் என்பதையும் எழுதி வாங்குங்கள். பிறகு வாடகையை வைத்து லோன் கேட்டால், மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்குள் அடைபடும் தொகைதான் கிடைக்கும்.

கேள்வி: விசாகப்பட்டினம் பீச் ரோடு பக்கம் 25 வருடப் பழைய கட்டடத்தில் ஆபீஸ் மலிவாக வருகிறது. எதைப் பார்ப்பது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பெயின்டைப் பார்க்காதீர்கள். சுத்தியலால் சீலிங்கைத் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் விலகியிருக்கிறது. கம்பி போகும் வரிசையில் நீளமாக விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தால் மேல்பூச்சு வேலை பயன்படாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து, துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு (உப்பு) அளவு பார்க்கச் சொல்லுங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஓதம் ஏறும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் இடித்துக் கட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, பிரீமியம் குறையும் என்று புயல், வெள்ளக் காப்பை நீக்கிவிடாதீர்கள். 2014 அக்டோபர் 12-இல் ஹூட்ஹூட் புயல் கரையைக் கடந்தது இந்த ஊரில்தான்.