விளக்கை அணைத்துவிட்டு ஒரு பண்டிகை

கேள்வி: எனக்கு 69 வயது. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் குடும்பத்துடன் வேறு ஊரில் இருக்கிறான். மற்ற நாட்களில் தனிமை பழகிவிட்டது; பண்டிகை, புத்தாண்டு என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டார் பரிதாபப்படுவார்களே என்று, மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து உள்ளேயே இருந்துவிடுகிறேன். மகன் தொலைபேசியில் கேட்டால், பக்கத்து வீட்டில் அழைத்திருக்கிறார்கள் என்பேன். இந்த நாட்களில் மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி,

மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழியை நான் சொல்லப்போவதில்லை. பண்டிகை நெருங்கும்போதெல்லாம் இதே துயரத்தைச் சுமந்த கடிதங்கள் எனக்கு வருகின்றன. பாட்டுக் கேளுங்கள், பழைய படங்களை எடுத்துப் பாருங்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நீங்களோ போகிற போக்கில், விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் செய்திருப்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அன்றைய தினம் உங்களைத் தேடக்கூடியவர்கள் இரண்டே தரப்பினர். பக்கத்து வீட்டாரிடம் மகனைக் காட்டியும், மகனிடம் பக்கத்து வீட்டாரைக் காட்டியும், இரு தரப்பும் உங்களைத் தேட வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டீர்கள். இருட்டில் குளியலறையில் கால் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? கதவு திறக்கவில்லையே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். நீங்கள்தான் ஊரில் இல்லையே! உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எலும்பு முறியாவிட்டாலும், எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடப்பது முதியவர்களுக்கு ஆபத்தானது. உடலில் நீர் வற்றும், அழுந்திய இடத்தில் புண் உண்டாகும், தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்களைப் பயமுறுத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பரிதாபத்துக்கு அஞ்சுவதாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "மகன் வந்து பார்க்கவில்லையா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, அவனுடைய நல்ல பெயரை உங்கள் இருட்டறைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளையின் குறையை மறைப்பதைத் தாய்மை என்று நம் வீடுகளில் மெச்சிக்கொள்கிறோம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, பண்டிகை நாளில் நலம் விசாரித்து ஒரு தொலைபேசி அழைப்போடு அது தீர்ந்துவிடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடமை இருப்பதே தெரியாதபடி அவனை வைத்திருப்பது யார்? அம்மா நாலு பேரோடு மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று நம்பித்தான் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அந்தப் பொய்யான நிம்மதியைக் கொடுத்தது நீங்கள். அதற்காக அவனை விட்டுவிடவும் நான் தயாராக இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவன், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாய் என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கும் மகன்களும் மகள்களும் இன்றைக்கே தங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இந்த வாரமே மகனை அழையுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் வேண்டாம். அன்று சொன்னால் அது அவனுக்குக் குற்றச்சாட்டாகவே கேட்கும், அவனால் ஏற்பாடு எதுவும் செய்யவும் முடியாது. சுற்றி வளைக்காமல், "போன பண்டிகைக்கு நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை, விளக்கைக்கூடப் போடாமல் தனியாகத்தான் இருந்தேன், இந்த முறை நான் அங்கே வருகிறேன், இல்லையென்றால் நீங்கள் வாருங்கள்" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவனுக்கு உண்மையாகவே விடுப்புக் கிடைக்காமல் போகலாம். அப்போது, அடுத்து எந்தத் தேதியில் எல்லோரும் கூடுவது என்பதை அதே பேச்சில் முடிவு செய்துவிட்டு வையுங்கள். "பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், இத்தனை நாள் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அவர்கள் ஒரு நிமிடம் பரிதாபப்படவும் கூடும்; அதைத் தாங்கிக்கொள்ளும் வயது உங்களுக்கு வந்துவிட்டது. வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றை அவர்களிடம் கொடுத்து, காலை எட்டு மணிக்குள் உங்கள் கதவு திறக்கவில்லையென்றால் வந்து தட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மகனின் தொலைபேசி எண்ணையும் அவர்களிடம் எழுதிக் கொடுங்கள், அவர்களுடைய எண்ணை மகனுக்கும் அனுப்புங்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டால், அடுத்த பண்டிகைக்கு இந்தப் பொய்யை நீங்களே நினைத்தாலும் சொல்ல முடியாது.