நான்காவது கிளாஸில் ஆஸ்பத்திரி

அன்புள்ள சார்,

எடின்பரோவில் மென்பொருள் வேலை, வந்து இரண்டு வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி சிங்கிள் மால்ட் விஸ்கி ருசி பார்க்கிறார்கள். லேபிள் தெரியாதபடி பாட்டில்களுக்குக் காலுறை மாட்டிவிடுவார்கள். ஆறு வகை, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம். போன மாதம் என்னையும் அழைத்தார்கள்.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அப்பாவுக்கு இருந்தது. ராத்திரி அவர் வாசற்படி ஏறும் முன்பே வாசனை வந்துவிடும். அதை நினைத்துக்கொண்டேதான் போனேன். ஆனால் அந்த வாசனை அங்கே இல்லை. எல்லோரும் ஹெதர் பூ, டண்டீ கேக், கடற்கரையில் மூட்டிய தீ என்று என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான்காவது கிளாஸில் மட்டும் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இதெல்லாம் குடிக்கு வைத்த கௌரவமான பெயர்தானா சார்? வாசனை சொல்வது வெறும் பாவனையா? அடுத்த மாதமும் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டில் கொண்டுபோவது என் முறை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் நான்காவது கிளாஸைச் சரியாகப் பிடித்தவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அது அநேகமாக ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலே வளராமல் சூடு காட்டி உலர்த்தினால் மால்ட். சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. மரம் அதிகம் இல்லாத அந்தத் தீவில் எரிக்கக் கிடைத்தது பீட். சதுப்பில் செடிகொடிகள் பாதி மக்கி, ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்தது. அதை வெட்டிக் காயவைத்து எரித்தால் கனத்த புகை வரும். அந்தப் புகையில் உள்ள ஃபீனால் வகைகள் ஈரமான பார்லியில் ஒட்டிக்கொண்டு, வடித்து, பீப்பாயில் பத்து வருடம் கிடந்த பிறகும் போகாமல் கிளாஸ் வரை வருகின்றன.

ஃபீனாலுக்குப் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865இல் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர், எலும்பு முறிந்து புண்ணாகிவிட்ட ஒரு சிறுவனின் காலுக்கு அதில் நனைத்த துணியைக் கட்டினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அதன்பின் உலகத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் அந்த நெடிக்குப் பழகின. நம் ஊர் வார்டுகளில் தரை துடைக்கிற கறுப்புப் பினாயிலும் அதே குடும்பம். ஆக, உங்கள் மூக்குக்கு வந்த ஆஸ்பத்திரி ஸ்காட்லாந்துக்கு அந்நியமே இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் லாஃப்ராய்க் என்ற ஐலா விஸ்கி மருந்து என்ற பெயரில் உள்ளே போனது என்று ஒரு கதை உண்டு. சுங்க அதிகாரி மோந்து பார்த்தால் நம்பியிருப்பார்தான்!

அடுத்த முறை அந்த வகை வந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். புகை மணத்துக்குக் காரணமான குவையகால் என்ற பொருள், சாராயம் அடர்த்தியாக இருக்கும்போது உள்ளேயே பதுங்கிக்கொள்கிறது, தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்புறம், மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள். வாயை லேசாகத் திறந்தபடி விளிம்பில் வைத்து மோந்தால் சாராய நெடி அவ்வளவாகக் குத்தாது.

பாவனையா என்று கேட்கிறீர்கள். பாதி பாவனைதான். ஒருவர் ‘பழைய தோல் சோபா’ என்று சொல்லிவிட்டால் அடுத்த மூன்று பேருக்கும் தோல் மணக்கும். லேபிளைப் பார்த்தாலும் அப்படித்தான். காலுறை மாட்டுவது இதனால்தான். உங்கள் ஊர்க் கதையே ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசியில் எடின்பரோக்காரர் பிப் ஹில்ஸ், கிளென்ஃபார்க்லாஸ் வடிசாலையிலிருந்து ஒரு பீப்பாயை நேரடியாக வாங்கி நண்பர்களோடு பங்கு போட்டுக்கொண்டார். அந்தக் கூட்டம் பெருத்து 1983இல் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி ஆனது. லீத் துறைமுகப் பகுதியில் அவர்களுடைய பழைய கட்டடம் இருக்கிறது. அவர்கள் பாட்டிலில் வடிசாலையின் பெயரே இருக்காது, எண்தான். முதல் பாட்டில் 1.1. அதாவது முதல் வடிசாலை, அதில் முதல் பீப்பாய். பெயரைப் பார்த்து நாக்கு முடிவெடுத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

மீதிப் பாதி நிஜம். ஹெதர் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது பள்ளிக்கூட நாட்களில் மலைச்சரிவில் மோந்த பூவை. டண்டீ கேக் அவர்கள் வீட்டில் பாட்டி சுட்டது. உங்களுக்கு அது எப்படி ஞாபகம் வரும்? உங்கள் சமையலறையிலிருந்து எடுங்கள். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கு அந்த ஊர்ச் சட்டம் புதுப் பீப்பாய் கேட்பதால், ஒருமுறை பயன்படுத்தியவை மலிவாக ஸ்காட்லாந்துக்கு வந்துவிடும். அந்த ஓக் மரத்தில் லாக்டோன் என்ற வகை வேதிப்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் வாசனை அப்பட்டமாகத் தேங்காய். வேதியியலில் அதன் செல்லப் பெயரே விஸ்கி லாக்டோன். மரத்திலிருந்து யூஜெனாலும் வருகிறது, நம் கிராம்பில் உள்ள அதே பொருள். நொதிக்கும்போது வாழைப்பழ மணம் தரும் எஸ்டர் என்ற வகைப் பொருள் உண்டாகிறது. இளசான, புகை இல்லாத மால்ட்டை மோந்தால் எனக்கு முதலில் வருவது ஹார்லிக்ஸ். அதுவும் முளைகட்டிய பார்லிதானே. ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்தது என்றால் பேரீச்சை. தைரியமாகத் தேங்காய் பர்பி என்று சொல்லுங்கள். தேங்காய் பர்பி தெரியாதது அவர்கள் குறை.

சரி, அப்பா விஷயம். அங்கே அந்த வாசனை இல்லாததற்குக் காரணம் எளிது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம். நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்று பேர் வைக்கவே முடியாது. ஆனால் இதை வைத்து அவர் குடித்தது மட்டம், நீங்கள் குடிப்பது உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றேதான். ஆறு கிளாஸ், கிளாஸுக்கு 15 மில்லி என்றால் 90 மில்லி. ஊர்க் கணக்கில் ஒன்றரை லார்ஜ். தண்ணீர் கலக்காமல் பீப்பாய் பலத்திலேயே, 58 சதவீதத்தில் அடைத்த பாட்டில்களாக இருந்தால் அதுவே இரண்டு லார்ஜுக்கு மேல். பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதே என்கிறார்கள், ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். அந்தப் பலத்தில் ஒரே ராத்திரியில் 5 யூனிட் போய்விடும். மோந்துவிட்டு ஒரு வாய் வைத்து மிச்சத்தைத் துப்புகிற பாத்திரத்தில் கொட்டினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அது ருசி பார்க்கிற கூட்டமில்லை. கார் எடுத்துப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் 2014 முதல் வண்டி ஓட்டுபவருக்கான ஆல்கஹால் வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு.

போகவே மனசு வரவில்லை என்றால் போகாமலும் இருக்கலாம். அப்பா நினைவு கிளாஸில் எட்டிப் பார்த்தால் அதை அடக்கிக்கொண்டு ஹெதர் பூவைத் தேடவேண்டிய அவசியம் எதுவுமில்லை.

போவதாக இருந்தால் பாட்டிலுக்கு ஒரு யோசனை. பெங்களூரில் நண்பர்கள் வீட்டில் இதே காலுறை விளையாட்டில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஐந்தாவது கிளாஸை மோந்துவிட்டு, “ஐலா, 18 வருடத்துக்குக் குறையாது” என்று சபையில் அறிவித்தேன். காலுறையைக் கழற்றினார்கள். அம்ருத் பீட்டட். வடித்தது அதே பெங்களூரில், ஸ்காட்லாந்திலிருந்து தருவித்த புகைபோட்ட பார்லியில். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கு மேல். மரத்தின் சாரமும் அதற்கேற்ப வேகமாக இறங்கும். நான்கைந்து வருடச் சரக்கு கிழவன் வேஷம் போட்டு என்னை ஏமாற்றிவிட்டது. நண்பர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அம்ருத் சிங்கிள் மால்ட் 2004இல் முதலில் விற்பனைக்கு வந்ததே கிளாஸ்கோவில்தான், உங்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். வாங்கி, நல்ல தடித்த காலுறையாகப் பார்த்து மாட்டுங்கள். தொட்டுக்கொள்ள காரச்சேவு, மிக்சர் எதுவும் கொண்டுபோகாதீர்கள், ஒரே கைப்பிடியில் மூக்கு செத்துவிடும். கடலை மிட்டாய் பரவாயில்லை. யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.